ஆட்சி மாற்றமும் அதிகாரிகள் தகுதியாய்வும்: மட்டக்களப்பு வாவிக்கரை

ஆட்சி கைமாறும்போது, பழைய ஆட்சியில் பதவி வகித்தவர்களில் யாரை வைத்திருப்பது, யாரை விலக்குவது, புதிதாக வருபவரை எதைக்கொண்டு அளப்பது என்று தீர்மானிக்கும் நடைமுறை தகுதியாய்வு எனப்படும். நீதிமன்றம் ‘இவர் குற்றம் செய்தாரா’ என்று கேட்கும். தகுதியாய்வு ‘இந்தக் கதிரையில் இவர் இருக்கலாமா’ என்று மட்டுமே கேட்கும். முதற் கேள்விக்குச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட சான்று வேண்டும். இரண்டாவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டிலேதான் அதன் பயனும் ஆபத்தும் சேர்ந்திருக்கின்றன.

உலகில் இது பல வடிவங்களில் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் பின் தோற்ற ஜெர்மனியில் அமெரிக்கர் 131 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்து நாஜித் தொடர்பைத் தேடினர். செக்கோஸ்லோவாக்கியா 1991 இல் சட்டம் இயற்றி, இரகசியப் பொலிஸுக்கு உளவு சொன்னவர்களை உயர்பதவிகளிலிருந்து விலக்கியது. ஈராக்கில் 2003 மே மாதம் பாத் கட்சியின் மேல்தட்டினர் ஒரே கட்டளையில் வெளியேற்றப்பட்டனர். நிருவாகம் நிலைகுலைந்ததற்கு அக்கட்டளை பெரிய காரணம் என்று பிறகு பலரும் ஒப்புக்கொண்டனர். அல்பேனியா 2016 முதல் நீதிபதிகளையும் வழக்குத்தொடுநர்களையும் சொத்து, பின்னணி, தொழில்திறன் என்ற மூன்றிலும் ஒவ்வொருவராகச் சோதித்தது.

இலங்கையில் இப்படியொரு முழுமையான தகுதியாய்வுச் சட்டம் இருந்ததில்லை. இங்கே ஆட்சி மாறினால் வருவது விசாரணை ஆணைக்குழு. ஊர்ப்பேச்சில் அதைக் ‘கொமிஷன்’ என்பார்கள். ஒப்பந்தகாரரிடம் அறவிடும் விழுக்காட்டுக்கும் பேர் கொமிஷன்தான். இந்தச் சொற்பொருத்தம் வாவிக்கரையில் நெடுநாள் பகிடி.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்கு இந்த வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. ஊழலுக்காகப் பதவி பறிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டா என்ற கேள்வி லண்டன் வரை போய்த் தீர்ந்தது இவ்வாவியின் தென்முனைத் தொகுதியான கல்முனையின் ஆசனத்தை வைத்துத்தான்.

மாற்றுப் பார்ப்பவர்

வாவியின் இருகரைக் கோயில்களிலும் நிருவாகப் பொறுப்பாளருக்கு வண்ணக்கர் என்று பெயர். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீசுவரர் ஆலயத்திலும் இதே பெயர்தான். சங்க காலத்தில் வண்ணக்கன் என்பவன் நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவன். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற புலவர்களின் பெயரில் அத்தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசைச் சோதிப்பவனுக்குரிய சொல், கோயில் காசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தாய்வழிக் குடிகள் தத்தம் வண்ணக்கரைத் தெரிவுசெய்யும். திருவிழா முடிந்ததும் கணக்குக் கேட்கும். பள்ளிவாசல்களில் மரைக்கார்மாரும் குடிவழியே வந்தனர். குடிக்குள் நடக்கும் இந்தச் சோதனை குடியைத் தாண்டியவரைத் தொடாது என்பது அதன் குறை. ஆனாலும் பதவியில் இருப்பவரைத் தெரிந்தவர்களே சோதிப்பது என்ற வழக்கம் இங்கே அரசாங்கக் கச்சேரிக்கும் முந்தியது.

அரச நிருவாகம் வேறு தர்க்கத்தில் ஓடியது. 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தனர். 1796 அளவில் பிரித்தானியர் வந்தனர். கொடி மாறியதே தவிர, மண்முனை, எருவில், போரதீவு, ஏறாவூர், கோறளை முதலிய பற்றுகளை ஆண்ட தலைமைக்காரர் அடுக்கு பெரும்பாலும் அப்படியே கைமாறியது. வன்னிமையும் உடையாரும் விதானையும் இல்லாமல் புதிய எசமானால் வரி தண்டவோ வாய்க்கால் வெட்டுவிக்கவோ முடியாது. புதிய ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பாரா என்று பார்த்தார்கள். ஊராருக்கு நேர்மையாக இருந்தாரா என்று எவரும் பார்க்கவில்லை.

அந்த அடுக்கு கலைந்தது இரண்டு கட்டமாக. பெருந்தலைமைக்காரரின் இடத்துக்கு 1938 தொடங்கி டீ.ஆர்.ஓ. எனப்பட்ட காரியாதிகாரிகள் வந்தனர். 1963 இல் கிராம விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது. சாதிச் செல்வாக்கு, பக்கச்சார்பு, கையூட்டு என்று விதானைமார் மேல் இருந்த குறைகள் சீர்திருத்தத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஒவ்வொருவரையும் தனித்தனியே அளக்காமல் பதவியையே எடுத்துவிட்டு வேறொரு பதவியை வைத்தது அரசு. இலங்கை நிருவாகத்தில் தகுதியாய்வுக்கு மிக நெருங்கி வந்த மொத்த மாற்றம் இதுவே. ஆனாலும் வாவிக்கரையில் வயசானவர்கள் இன்றைக்கும் கிராம உத்தியோகத்தரை ‘விதானையார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கல்முனை ஆசனம்

சட்டசபை உறுப்பினர்கள் இலஞ்சம் வாங்குகிறார்கள் என்ற புகார் இலங்கையில் சுதந்திரத்துக்கும் முந்தியது. அரசாங்க சபை உறுப்பினர்களை விசாரித்த எல்.எம்.டி. டி சில்வா ஆணைக்குழு 1943 இல் அறிக்கை கொடுத்தது. சுதந்திரத்தின் பின் 1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் வந்தது. இன்று இலஞ்ச ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி எண் 1954. சட்டம் பிறந்த ஆண்டும் அதுவே.

1959 இல் மக்கள் பிரதிநிதிகள் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டுகளை விசாரிக்கத் தலகொடபிட்டிய தலைமையில் ஆணைக்குழு அமைந்து, 1960 இல் அறிக்கை தந்தது. குற்றச்சாட்டு நிரூபணமானதாக அது கண்டவர்களில் ஒருவர் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர். 1947 இல் கல்முனையின் முதல் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். 1956 இல் தமிழரசுக் கட்சியில் நின்று மறுபடி வென்றவர். கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்.

ஆணைக்குழுவின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. அதனால் அறிக்கை வந்தபின்னும் பெயர் வந்தவர் தேர்தலில் நிற்கத் தடை இருக்கவில்லை. 1965 மார்ச் பொதுத்தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு தோற்று, டட்லி சேனாநாயக்க தமிழரசுக் கட்சியையும் கூட்டிக்கொண்டு ஆட்சியமைத்தார். அதே தேர்தலில் காரியப்பர் கல்முனையில் வென்று சபைக்கு வந்தார். ஆணைக்குழு இலஞ்சம் வாங்கினார் என்றது. கல்முனை வாக்காளர் எங்கள் ஆள் என்றனர். குடியாட்சியில் யாருடைய சொல் ஏறும்?

புதிய அரசு அவ்வாண்டின் பிற்பகுதியில் குடியியல் உரிமையின்மைகளை விதிக்கும் விசேட ஏற்பாடுகள் சட்டத்தை (1965 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கம்) மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. ஆணைக்குழு குறிப்பிட்டவர்களுக்கு ஏழு ஆண்டு வாக்குரிமை இல்லை. தேர்தலில் நிற்க முடியாது. உறுப்பினராக இருந்தால் ஆசனம் வறிதாகும். அறிக்கைக்கும் தண்டனைக்கும் இடையில் ஐந்து ஆண்டு, ஓர் ஆட்சி மாற்றம், ஒரு தேர்தல் வெற்றி.

காரியப்பர் விடவில்லை. தன்னை உறுப்பினராக ஏற்கவும் வேதனத்தைத் தரவும் கட்டளையிடுமாறு பிரதிநிதிகள் சபையின் செயலாளர் சாம் விஜேசிங்கவுக்கு எதிராக உயர்நீதிமன்றத்தில் ஆணைகோரு மனு போட்டார். பாராளுமன்றம் சட்டம் செய்யலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதே அவர் தரப்பு வாதத்தின் சாரம். ஒருவரின் பெயரைச் சுட்டி, நடந்து முடிந்த செயலுக்கு உரிமை பறிப்பது சட்டமியற்றலா, நீதிபதியின் வேலையா?

வாதம் வெறுங்கை வாதமல்ல. 1962 ஆட்சிக்கவிழ்ப்புச் சதிமுயற்சி வழக்கில், முன்தேதியிட்டுத் தண்டனையைக் கூட்டிய சட்டங்களை, நீதித்துறையின் அதிகாரத்துக்குள் கைவைத்தவை என்று சொல்லி அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1965 இல் தூக்கியெறிந்திருந்தது. லியனகே வழக்கு என்று இன்றும் பொதுநலவாய நாடுகளின் சட்டமாணவர் படிப்பது அதைத்தான். அதே பிரிவி கவுன்சில் காரியப்பருக்கும் கைகொடுக்கும் என்று நினைக்க இடமிருந்தது.

உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 1967 இல் பிரிவி கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளியது. சட்டம் யாரையும் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. ஆணைக்குழு கண்டதை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, பொதுவாழ்வு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சிலருக்குத் தகுதியின்மையை விதித்தது. தண்டிப்பது அதன் முதன்மை நோக்கமல்ல என்று மன்று கருதியது. மூன்றில் இரண்டுக்குச் சபாநாயகர் கொடுத்த சான்றும் இருந்ததால் அது அரசியலமைப்புத் திருத்தமாகவும் நின்றது. காரியப்பரின் ஆசனம் போனது. 1968 இடைத்தேர்தலில் எம்.சி. அகமது கல்முனைக்கு வந்தார்.

தண்டனைக்கும் தகுதியின்மைக்கும் இடையே மன்று போட்ட கோடு, பிற்காலத்தில் உலகெங்கும் தகுதியாய்வுச் சட்டங்கள் தங்களை நியாயப்படுத்திய அதே கோடு. செக்கோஸ்லோவாக்கியச் சட்டத்துக்குக் கால் நூற்றாண்டு முன்னே அது கல்முனைப் பேரில் வரையப்பட்டுவிட்டது. கோடு சரியா என்பது வேறு விஷயம். பட்டியலில் பேர் எழுதுவது பெரும்பான்மைக் கட்சியின் கையில் இருக்கும்போது, தகுதியின்மை என்று எழுதினாலும் வாங்குபவருக்கு அது தண்டனையாகத்தான் படும். இந்த ஆயுதத்தை அடுத்து எடுப்பவர் யார் மேல் வீசுவார் என்பதை 1967 இல் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விடை 1980 இல் வந்தது. 1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்தன அரசு, 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் விசேட சனாதிபதி விசாரணை ஆணைக்குழுக்களை உண்டாக்கியது. 1980 ஒக்டோபர் 16 அன்று முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழு ஆண்டுக்குப் பறிக்கப்பட்டது. இம்முறை இலக்கு ஓர் ஆசனம் அல்ல, ஓர் எதிர்க்கட்சியின் தலைமை. 1986 தொடக்கத்தில் மன்னிப்பால் உரிமை திரும்பியபோது 1982 சனாதிபதித் தேர்தல் முடிந்து போயிருந்தது.

இரு கரை, இரு ஆட்சி

1972 அரசியலமைப்பு அரச ஊழியர் நியமனத்தைச் சுயாதீன ஆணைக்குழுவிடமிருந்து அமைச்சரவையின் கைக்கு மாற்றியது. அதன்பின் ஆசிரியர் நியமனமோ சிற்றூழியர் வேலையோ, எம்.பி.யின் சிபாரிசுத் துண்டு இல்லாமல் அசையாது என்ற காலம் வந்தது. ஆட்சி மாறினால் துண்டு எழுதும் கை மாறும். பிடிக்காத உத்தியோகத்தருக்கு இடமாற்றம். தெற்கில் பிழைவிட்டவரைத் தண்டனையாகக் கிழக்குக்கு அனுப்புகிறார்கள் என்ற மனக்குறை மட்டக்களப்பில் இருந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் வேண்டாதவர் என்று கழிக்கப்பட்டவர், இன்னோரிடத்தில் அதே முத்திரையோடு கதிரையில் உட்காருவார்.

போர்க்காலத்தில் வாவியே எல்லையாயிற்று. சூரியன் எழும் பக்கமான எழுவான்கரை அரசிடம். படும் பக்கமான படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடம். 1987 இல் இந்திய அமைதிப்படை, 1988 இல் வடக்கு கிழக்கு மாகாணசபை, 1990 இல் புலிகள், பிறகு மீண்டும் இராணுவம் என்று மூன்று நான்கு ஆண்டுக்குள் இத்தனை கைமாற்றம். படுவான்கரையில் புலிகளின் நீதிமன்றமும் காவற்றுறையும் வரியும் இருந்தன. பாடசாலை ஆசிரியருக்கும் கிராம சேவகருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்தே வந்தது. ஒரே உத்தியோகத்தர் இரண்டு அதிகாரத்துக்குப் பதில் சொன்னார். யார் வந்தாலும் முந்தியவருக்குக் கையெழுத்துப் போட்டவரைச் சந்தேகித்தனர். அந்தச் சந்தேகம் தகுதியாய்வாக எந்தக் கோப்பிலும் பதியப்படவில்லை; பலருடைய உயிரை அது பறித்தது.

1994 ஆட்சி மாற்றத்தில் சந்திரிகா குமாரதுங்க அரசு, காணாமற்போனோர் பற்றி விசாரிக்க மூன்று வலய ஆணைக்குழுக்களை அமைத்தது. வடக்கு கிழக்குக்கானதற்குக் கே. பாலகிட்ணர் தலைவர். அதே ஆண்டு 19 ஆம் இலக்கச் சட்டத்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு நிரந்தர நிறுவனமாயிற்று. மட்டக்களப்பில் முறைப்பாடு சொல்ல வந்த தாய்மாரின் நீண்ட வரிசை முன்னதற்குத்தான் இருந்தது. இலஞ்ச ஆணைக்குழு கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில். புன்னைக்குடாவிலோ வெல்லாவெளியிலோ காணி அனுமதிக்குக் கைநீட்டியவரைப் பற்றி முறையிட முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும், அல்லது கடிதம் எழுத வேண்டும். எழுதினால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு.

2007 ஜூலையில் புலிகள் வசமிருந்த குடும்பிமலை அரசபடைகளிடம் வீழ்ந்ததோடு படுவான்கரையிலும் ஆட்சி மாறியது. ‘கிழக்கின் உதயம்’ என்ற பெயரில் வீதி, பாலம், குளம் என்று பணம் இறங்கியது. 2008 மார்ச்சில் மட்டக்களப்பில் உள்ளூராட்சித் தேர்தல், மே 10 இல் கிழக்கு மாகாணசபைத் தேர்தல். புலிகளிலிருந்து 2004 இல் பிரிந்தவர்களின் கட்சி ஆளுங்கூட்டில் நின்று வென்றது. அதன் தலைவர் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். அக்கட்சியின் ஆயுதம் இன்னும் களையப்படவில்லை என்று தேர்தல் கண்காணிப்பாளர்கள் அப்போதே சுட்டினர். ஆயுத அமைப்பிலிருந்து சிவில் பதவிக்கு வருபவரை வாசலில் நிறுத்திப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. போஸ்னியாவில் ஐ.நா. பொலிஸார் ஒவ்வொரு காவலரின் பின்னணியையும் பார்த்துச் சான்று கொடுத்தது அதற்குச் சில ஆண்டு முன்னர்தான்.

ஊசலாட்டம்: 2015–2025

2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன வென்றபோது வாவிக்கரை பெருவாரியாக அவர் பக்கம் வாக்களித்திருந்தது. நிதிக்குற்றப் புலனாய்வுப் பிரிவும் பாரிய மோசடிகளுக்கான சனாதிபதி ஆணைக்குழுவும் வந்தன. 19 ஆவது திருத்தம், உயர்பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அதே ஆண்டு பெப்ரவரியில் மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம். சுத்தம் செய்ய வந்தவர்களின் கையே கறைப்பட்டதென்று சனம் சலித்துக்கொண்டது.

2015 ஒக்டோபரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை இணை அனுசரணை வழங்கியது. கடுங்குற்றங்களோடு நம்பத்தகுந்த தொடர்புடையவர் பாதுகாப்புப் படைகளில் தொடராதிருக்க நியாயமான நிருவாக நடைமுறை வேண்டும் என்று அது கேட்டது. ‘தகுதியாய்வு’ என்ற பொருள் இலங்கையின் சர்வதேச வாக்குறுதியொன்றில் இவ்வளவு நேராக வந்தது அதில்தான். அதற்கான சட்டம் வரவில்லை. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணியின் அறிக்கை 2017 ஜனவரியில் கையளிக்கப்பட்டதோடு சரி.

அந்த ஆட்சி மிச்சம் வைத்துப்போன நல்லதொன்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி முதல், பிரதேச செயலகத்தில் வீட்டுத்திட்டப் பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று ஒரு கூலித்தொழிலாளியும் எழுத்தில் கேட்கலாம். பதில் கொடுக்கவே வேண்டும். என் கணிப்பில், பெரிய கொமிஷன்களைவிட இந்தச் சிறு விண்ணப்பம் கீழ்நிலை உத்தியோகத்தரை அதிகம் யோசிக்க வைக்கிறது.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச வந்ததும் ஊசல் மறுபக்கம் போனது. முக்கிய வழக்குகளை விசாரித்த குற்றப்புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளர் ஷானி அபேசேகர உடனடியாகக் காலிக்கு இடமாற்றப்பட்டு, 2020 இல் கைதானார். அரசியல் பழிவாங்கல் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு, விசாரித்தவர்களையே விசாரிக்கத் தொடங்கியது. மட்டக்களப்பில் இதன் சாயல் ஒரு கொலைவழக்கில் தெரிந்தது. 2005 நத்தார் ஆராதனையின்போது புனித மரியாள் பேராலயத்தில் சுடப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தின் வழக்கில், 2015 ஆட்சி மாற்றத்தின் பின் சந்திரகாந்தன் கைதானார். 2020 தேர்தலில் விளக்கமறியலில் இருந்தபடியே வென்றார். சட்டமா அதிபர் வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று அறிவித்ததால் 2021 ஜனவரியில் மன்று விடுவித்தது. 2024 ஆட்சி மாற்றத்தின் பின், 2025 ஏப்ரலில், கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் 2006 இல் காணாமற்போனது பற்றிய விசாரணையில் மறுபடி கைதானார். குற்றம் யாருடையது என்பது மன்றின் வேலை. வழக்கின் வேகம் தேர்தல் நாட்காட்டியோடு ஏறி இறங்குவதுதான் இந்த வரலாற்றுக்குரியது.

2022 இல் நாடு கடன்கட்ட முடியாமல் நின்று, மக்கள் எழுச்சியில் சனாதிபதி ஓடினார். சர்வதேச நாணய நிதியம் 2023 இல் இலங்கையின் ஆளுகையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஆசியாவில் அப்படியொன்று அதுவே முதல். அவ்வாண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் செப்டெம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. 1954 இலஞ்சச் சட்டம், 1975 சொத்து வெளிப்படுத்துகைச் சட்டம், 1994 ஆணைக்குழுச் சட்டம் மூன்றையும் நீக்கி அது ஒன்றாக்கியது. ஆண்டுதோறும் மார்ச் 31 நிலவரப்படியான சொத்து விபரம் ஜூன் 30 க்குள் போய்ச்சேர வேண்டும். வாழ்க்கைத் துணையின் சொத்தும் அதில் அடங்கும்.

2024 நவம்பர் 14 தேர்தலில் ஊழல் ஒழிப்பை முன்வைத்த தேசிய மக்கள் சக்தி இலங்கை முழுவதையும் அள்ளியது, ஒரு மாவட்டத்தைத் தவிர. அது மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம், தேசிய மக்கள் சக்திக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் ஒவ்வொன்று. வாவிக்கரைச் சனத்துக்கு ஊழல் பொருட்டில்லை என்று இதற்கு அர்த்தம் சொல்வது அவசரம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் கால்நடைப் பண்ணையாளர் தொடர்ந்து இருந்த போராட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இங்கே அதிகாரியின் நேர்மை என்ற கேள்வி, காணி யாருக்கு என்ற கேள்வியிலிருந்து பிரிந்து வருவதில்லை. மணல் அகழ அனுமதியும் அப்படியே. புவிச்சரிதவியல் பணியகம், சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச செயலகம் என்று கோப்பு நகரும் ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர் கை நீட்ட இடமிருக்கிறது. உழவு இயந்திரக்காரர் அதை ‘மேசைச் செலவு’ என்று தன் கணக்கில் சேர்த்துவிடலாம். ஆற்றங்கரை இடிவது யார் கணக்கிலும் சேராது.

புதிய அரசு 2025 இல் அரச நிறுவனங்களில் உள்ளக அலுவல்கள் பிரிவுகளை அமைக்கச் சொன்னது. 2025–2029 தேசிய ஊழல் எதிர்ப்புச் செயற்றிட்டத்தை ஏப்ரலில் வெளியிட்டது. குற்றத்தால் ஈட்டிய சொத்தைப் பறிமுதல் செய்யும் 5 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. ஷானி அபேசேகர பொலிஸில் பொறுப்புக்குத் திரும்பினார். அமைச்சர்களின் சொத்து விபரங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்றாயிற்று.

ஆளுநர், மாகாண அமைச்சர், மாகாணசபை உறுப்பினர் ஆகியோரும் சொத்து வெளிப்படுத்த வேண்டியோர்தான். கிழக்கு மாகாணசபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 அன்று முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. இம்மூவரில் அங்கே படிவம் நிரப்ப வேண்டியவர் இன்றைக்கு, சனாதிபதி நியமித்த ஆளுநர் ஒருவரே.